ஒன்பது நாள் பிரிக்காத பெட்டி

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். பில் போடுகிற மேசையில் முதலாளி. லேப்டாப் கவுண்டருக்குப் பின்னால் நான். மாடியில் சர்வீஸ் பார்க்கிற நஸ்ரீன், டீ குடிக்க இறங்கி வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உப்பளம் ஏரியாவிலிருந்து வந்த ஆரோக்கியமேரி, அவருடைய மகள் ஸ்டெல்லா, அவருடைய தம்பி அந்தோணி. அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடியின் கடைசி வாரம் என்றாலும் வெளியே நல்ல மழை. எதிர்ச்சாரி துணிக்கடைகூட வெறிச்சோடிக் கிடந்தது.

ஆள் கணக்கை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் உண்டு. கூட்டம் அதிகம், கவனம் சிதறிவிட்டது, அவசரத்தில் சொல்லிவிட்டேன் என்று பின்னால் நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அன்று எனக்கு நேரம் இருந்தது. யோசிக்க இடம் இருந்தது. அப்படியிருந்தும் செய்தேன்.

கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் படிப்பதற்காக என் அனுபவங்களை எழுதித் தரச் சொல்லி முதலாளி கேட்டார். இருபத்திரண்டு வருஷம் நின்றவன், ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பெட்டி இறக்கும் வேலைக்கு வந்து, துடைக்கிற வேலைக்கு மாறி, ஒரு நாள் விற்கிறவர் வராததால் கவுண்டரில் நின்றேன். அப்படியே நின்றுவிட்டேன். ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் காதால் கேட்டுக் கற்றதுதான். அதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, போனைத் தட்டினால் வரும். என்னிடம் இருப்பது இந்த ஒரு கதைதான். முதலாளி இதைப் படித்துவிட்டு உங்களிடம் கொடுக்காமலே போகலாம். அந்தக் கவலையோடுதான் எழுதுகிறேன். எனக்குக் கவலை இல்லாமல் எந்த வேலையும் செய்து பழக்கம் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு, ரெட்டியார்பாளையத்தில் டியூஷன் எடுக்கிற வாத்தியார் ஒருவருக்குப் பழைய லேப்டாப் ஒன்றை விற்றேன். நல்ல மிஷின். நம்பித்தான் கொடுத்தேன். இருபதாம் நாள் பேட்டரி உப்பி, அடிப்பலகை தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. வாத்தியார் கடை நடுவில் நின்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். "படிச்சவங்கள நிக்க வெக்கணும்யா கவுண்டர்ல," என்றார். அவர் சொன்ன மற்றதெல்லாம் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

நம் கடையில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். பழைய மிஷின் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தால், நஷ்டத்தில் பாதி விற்றவன் சம்பளத்தில் பிடிக்கப்படும். புது மிஷினில் அந்தத் தொல்லை கிடையாது. கம்பெனி வாரண்டி இருக்கிறது, கம்பெனி பார்த்துக்கொள்ளும். வாத்தியார் விஷயத்தில் என் சம்பளத்தில் நாலாயிரத்து ஐநூறு பிடித்தார்கள். என் பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. அன்றிலிருந்து பழைய மிஷினை யாராவது கையால் தொட்டாலே, புதுசை எடுத்து முன்னால் வைக்கத்தான் என் கை போகும்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அந்தோணிதான் முதலில் பேசினார். அரியாங்குப்பத்தில் டாட்டா ஏஸ் ஓட்டுகிறவர், சத்தமாகப் பேசுவார், நல்ல மனுஷன்.

"அண்ணே, வூட்டு யூஸுக்கு ஒண்ணு காட்டுங்க. ரொம்ப வெலயும் போவக் கூடாது. அதுக்குன்னு பொம்மையாட்டமும் இருக்கக் கூடாது."

"என்ன யூஸ் சார்?"

"அதான் சொன்னனே, வூட்டு யூஸு. கரண்டு பில்லு கட்டுறது, படம் பாக்குறது. எங்க பெரியம்மா பொண்ணு பிரான்சுல கீது, ஞாயித்துக்கெழம ஆனா அதுங்கூட மூஞ்சி பாத்துப் பேசணும். வேற இன்னா, நம்ப இன்னா ராக்கெட்டா வுடப் போறோம்?"

ஆரோக்கியமேரி சிரித்தார். அவர் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்கிறவர். வேலை முடிந்து நேராக வந்திருந்தார் போல, கையில் சோப்புத்தூள் வாசனை. ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மாமா பேசிக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டாள். நான் பார்த்தேன். பார்த்தும் அவளைக் கேட்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு லேப்டாப் இருந்தது. ஒரு சொல்தா குடும்பத்துப் பெண், அதாவது தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பம், லீவுக்குப் பாரீசிலிருந்து வந்தபோது நம் கடையில் கொடுத்துவிட்டுப் போனது. ஆபீசில் பயன்படுத்துகிற உழைப்பாளி மிஷின். எட்டு ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. எல்லாம் இருந்தது. நஸ்ரீன் இரண்டு நாள் பார்த்து, பேட்டரியை மாற்றி, "அருமையான மிஷின்ண்ணே, புதுசு பொறாமப்படும்," என்று சொல்லித் தந்தாள். விலை பதினேழாயிரம். ஒரே ஒரு விஷயம், அதன் கீபோர்டு பிரெஞ்சுக் கீபோர்டு. மேல் வரிசையில் க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். தலையில் சின்னக் கோடு போட்ட, கொம்பு வைத்த பிரெஞ்சு எழுத்துகளெல்லாம் எண்களின் வரிசையில் இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டி இங்கிலீஷ் கீபோர்டாக மாற்றி விற்பது நம் ஊர்க் கடைகளில் சகஜம்தான். ஆனால் நம் ஊர் வியர்வைக்கு ஸ்டிக்கர் ஆறு மாதம் தாங்காது. உரிந்தால் யாரிடம் வருவார்கள்? என்னிடம்.

ஸ்டெல்லா அதைத்தான் காட்டினாள்.

"அங்கிள், அந்த கிரே கலர் எவ்ளோ?"

"அது செகண்ட் ஹேண்டும்மா. பிரான்சு மிஷின். எழுத்தெல்லாம் எடம் மாறி இருக்கும்."

"தெரியும் அங்கிள், நான் அதுலதான்..."

அதற்குள் அந்தோணி குனிந்து பார்த்துவிட்டார். "இன்னாடி இது! சண்டே மார்க்கெட்டுல போலீசு வந்து வெரட்டுன மாதிரி எழுத்துங்கோ செதறிக் கெடக்குது!"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்ததோடு நிறுத்திக்கொண்டாள்.

படிக்கட்டிலிருந்து நஸ்ரீன் குரல் கொடுத்தாள். "நல்ல மிஷின்க்கா அது. நான்தான் பாத்தேன்."

நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு ஆரோக்கியமேரியிடம், "கேரண்டி கெடையாதும்மா அதுக்கு," என்றேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒருவரைத் தப்பான வழியில் திருப்ப முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"கேரண்டி இல்லாமயா?" என்று அவர் பின்வாங்கினார்.

மேல்தட்டில் இருந்த புது மிஷினை எடுத்தேன். மெல்லிசு, பளபளப்பு, நீல நிறம். இருபத்தி நாலாயிரத்து ஐநூறு. நாலு ஜிபி ரேம். உள்ளே சேமிக்கிற இடம் ஒரு போனில் இருப்பதைவிடக் குறைவு. விண்டோஸ் தன்னைத்தானே இரண்டு தடவை புதுப்பித்துக்கொண்டால் மூச்சுத் திணறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வருஷம் கம்பெனி வாரண்டி என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. தம்பிகளே, தங்கச்சி, இது உங்களிடமும் வரும். வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்பார்கள். ஆரோக்கியமேரி இரண்டு மிஷினையும் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அண்ணே, உங்க பொண்ணா இருந்தா எத வாங்கிக் குடுப்பீங்க?"

என் பெண்ணாக இருந்தால் அந்தச் சாம்பல் மிஷினைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"புதுசுதாம்மா," என்றேன்.

அவ்வளவுதான். தினமும் எதற்கெல்லாமோ நடுங்குகிற எனக்கு அந்த நிமிஷத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு மிஷின் போகிறது, ஒரு தொல்லை இல்லை.

அவர்களிடம் முழுப் பணம் இல்லை. அக்கா நாலாயிரம், தம்பி இரண்டாயிரத்து ஐநூறு, ஆக ஆறாயிரத்து ஐநூறு கையில் கொடுத்தார்கள். பாக்கி பதினெட்டாயிரம், மாதம் ஆயிரத்து ஐநூறு வீதம் கடை நோட்டில் எழுதப்பட்டது. விடுதி முதலாளியை நம் முதலாளிக்குத் தெரியும், அதனால் கொடுத்தார். பழைய மிஷினாக இருந்திருந்தால் பாக்கி பத்தாயிரத்து ஐநூறுதான். இந்தக் கழித்தலை அன்று நான் போடவில்லை. பிறகு எத்தனையோ தடவை போட்டுவிட்டேன்.

"பிரிச்சு ஆன் பண்ணிக் காட்டட்டுமாம்மா?"

"வேணாண்ணே. சீலு அப்பிடியே இருக்கட்டும். மாதா திருநாளுக்குக் கோயிலுக்கு எடுத்துனு போயி, சாமியாருகிட்ட மந்திரிச்சுட்டுத்தான் பிரிக்கணும். மொத மொதல்ல வூட்டுக்கு வர்ற பெரிய பொருளு."

அவர்கள் வீட்டில் அப்படித்தான். தையல் மிஷின் வாங்கினாலும், ஸ்கூட்டி வாங்கினாலும், பாதர் தீர்த்தம் தெளித்த பிறகுதான் கை வைப்பார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என் பக்கம். மாதா திருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. பில்லின் கீழே, சின்ன எழுத்தில், ஏழு நாளைக்குள் என்றால்தான் மாற்றித் தருவோம் என்று இருக்கிறது. நான் கவுண்டருக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். எண்ணிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். பிரிப்பதற்குள்ளேயே நாள் தாண்டிவிடும், இந்த மிஷின் இனி என்னிடம் திரும்பாது என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

மழையில் நனையக் கூடாதே என்று ஒரு பாலிதீன் பையை எடுத்து, பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்தேன். அந்தோணி அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

அவர்கள் போனதும் நஸ்ரீன் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வந்துச்சுண்ணே."

"சொல்லணும்னா சொல்லியிருக்கும்," என்றேன்.

பன்னிரண்டாம் நாள், காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில், ஸ்டெல்லா தனியாக வந்தாள். கையில் அதே பெட்டி. மூடியில் தீர்த்தத் துளிகள் காய்ந்து வட்ட வட்டமாக நின்றிருந்தன.

"அங்கிள், ஃபைல் தொறந்தா அப்பிடியே நின்னுடுது. மெமரி ஃபுல்லுன்னு செவப்பா காட்டுது. நான் இன்னும் ஒண்ணுமே ஏத்தல."

அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். "எதுக்கும்மா யூஸ் பண்றே?"

சொன்னாள். பி.ஏ. பிரெஞ்சு முடித்திருக்கிறாள். பிரான்ஸ் குடியுரிமை கேட்கிறவர்களுக்குப் பத்திரம் தயார் செய்து கொடுக்கிற ஒரு ஆபீஸ் இருக்கிறது. அந்தக் காலத்து எத்தா சிவில் பதிவுகள், அதாவது பிறப்பு, கல்யாணம், சாவு எழுதிய பழைய பிரெஞ்சு ஏடுகள், போட்டோ பிடித்து வரும். அதைப் பார்த்து வீட்டிலிருந்தே டைப் அடித்து அனுப்ப வேண்டும். பக்கத்துக்கு அறுபது ரூபாய். முதலில் ஒரு சோதனை. ஐந்து நாளில் இருபது பக்கம். முடித்தால் வேலை நிரந்தரம். மூன்று நாள் முடிந்துவிட்டது, ஆறு பக்கம்தான் ஆகியிருக்கிறது.

"மாச டியூவ அதுலேருந்து கட்டிடலாம்னு அம்மா நெனச்சுது," என்றாள்.

மாடிக்கு அழைத்துப் போனேன். நஸ்ரீன் கால் மணி நேரம் பார்த்தாள். தேவையில்லாததை எல்லாம் எடுத்தாள். ஒரு ஏட்டின் படத்தைத் திறந்தாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"மிஷின்ல ரிப்பேர் எதுவும் இல்லண்ணே," என்றாள். "மிஷினே இவ்ளோதான். ரேம் போர்டோட ஒட்டுனது, கூட்டவும் முடியாது. வாரண்டிக்கு அனுப்புனா நல்லாருக்குன்னு எழுதித் திருப்பி அனுப்புவான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விற்ற வாரண்டி என்னைக் காப்பாற்றுகிற வாரண்டி. அவளுக்கு அதில் ஒரு பைசாவுக்கு உபயோகம் இல்லை.

ஸ்டெல்லா கீபோர்டைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இதுல அந்தக் கொம்பு எழுத்துக்கெல்லாம் ஒவ்வொண்ணுக்கும் நாலு நம்பர் அடிக்க வேண்டியிருக்கு அங்கிள். நான் காலேஜ்ல பிரெஞ்சு கீபோர்டுலதான் பழகுனேன். அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"மாமா காசு போடறாரு. அம்மா உங்கள நம்பிக் கேட்டுச்சு. நடுவுல நான் என்னத்த சொல்றது?"

கீழே கண்ணாடிப் பெட்டியில் அந்தச் சாம்பல் மிஷின் அப்படியே இருந்தது. அவளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நஸ்ரீன் என்னைத் தள்ளாத குறை.

"போய்க் கேளுண்ணே. மாத்திக் குடுக்கச் சொல்லு. பிரிச்ச மிஷினுக்கு வர்ற நஷ்டத்த நீயும் நானும் போட்டுக்கலாம். இப்பவே போ."

போனேன். முதலாளி போனில் யாரிடமோ சரக்கு வராததற்குக் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என்ன என்று புருவத்தைத் தூக்கினார். ஏழு நாள் தாண்டியதே, நீதானே விற்றாய், உன் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று அவர் கேட்கப்போவதெல்லாம் அவர் கேட்காமலே என் காதில் விழுந்தது. "ஒண்ணும் இல்ல, டீ சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

மாடிக்குத் திரும்பி ஸ்டெல்லாவிடம், "நாளைக்கு வாம்மா, பேசி வெக்கிறேன்," என்றேன். அவள் நன்றி சொன்னாள். நஸ்ரீன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கேட்கலாம் என்று நினைத்தேன். அவர் சாப்பிடும்போது கேட்டால் எரிச்சல்படுவார். சாயங்காலம் வசூல் எண்ணும்போது கேட்கலாம் என்று நினைத்தேன். வசூல் குறைவாக இருந்தது. மறுநாள் காலையில் நான் வரும்போது வங்கிக்குப் போயிருந்தார். மதியம் அவர் சிரித்த முகமாக வந்ததைப் பார்த்து, இதுதான் சமயம் என்று போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இந்த மிஷின் ஒத்துவரவில்லை, அந்தப் பிரான்சு மிஷினை மாற்றிக் கொடுக்கலாமா என்று மட்டும்.

"எது, கீழ்த்தட்டுல இருந்துதே, அதுவா? காலைல விழுப்புரத்து ஆளு வந்தான் சேகரு. பார்ட்ஸுக்கு வேணும்னான். பதிமூணுக்குத் தள்ளிவுட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். கீழ்த்தட்டில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

"நேத்தே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே," என்றார். "நல்ல பொண்ணு, படிச்ச பொண்ணு. இதக் கேக்கறதுக்கா ரெண்டு நாளா என் மேசையச் சுத்தற?"

கொடுத்திருப்பாராம். இருபத்திரண்டு வருஷம் அவரோடு இருந்திருக்கிறேன். அவர் கொடுப்பார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நான் பயந்தது அவருக்கு இல்லை, என் மனசுக்குள் நானே செய்து உட்காரவைத்திருந்த ஒரு முதலாளிக்கு.

நஸ்ரீன் விழுப்புரத்துக்குப் போன் போட்டாள். டிஸ்ப்ளேவைக் கழற்றிவிட்டேன் என்றான் அவன். அவள் போனை வைத்துவிட்டு, தன் சொந்த லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தாள். ஸ்டெல்லா வந்ததும் மாடியிலேயே அவளை உட்கார வைத்தாள். சர்வீஸ் அறையின் அந்த இரைச்சலில், சால்டரிங் புகையில், மதியத்திலிருந்து கடை மூடும் வரை அந்தப் பெண் டைப் அடித்தாள். நான் இரண்டு தடவை மேலே போய் எட்டிப் பார்த்தேன். இரண்டு தடவையும் தலை நிமிரவில்லை. மறுநாள் காலையிலும் வந்து உட்கார்ந்தாள். ஆபீஸ் சொன்ன நேரம் வந்தபோது பதினாறு பக்கம் ஆகியிருந்தது.

பதினாறை அனுப்பினாள். பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. அவளே படித்துக் காட்டினாள். எழுத்து சுத்தமாக இருக்கிறது, ஆனால் நேரத்துக்கு முடித்த வேறு ஆள் கிடைத்துவிட்டார் என்று இருந்தது. மரியாதையான கடிதம். மெர்சி, அதாவது நன்றி, என்று முடித்திருந்தார்கள்.

"நாலு பக்கம் அங்கிள்," என்றாள்.

நான் முதலாளியின் மேசையைச் சுற்றிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை நாளில் அவள் நாலு பக்கம் அடித்திருக்க மாட்டாளா?

அடுத்த வாரம் அந்தோணி கடைக்கு வந்தார். தூரத்தில் வண்டியைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. வாத்தியார் மாதிரி கத்தப்போகிறார் என்று தயாராக நின்றேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சார்ஜர் ஒயர் வாங்க வந்திருந்தார்.

"வுடுங்கண்ணே," என்றார். "மிஷின் பண்ணதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க. அதுல படம் நல்லாத்தான் ஓடுது."

ஸ்டெல்லா இப்போது அம்மாவோடு அதே விடுதிக்குப் போகிறாள். படுக்கை விரிப்பு மாற்ற. பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் கீழே கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்களாம், பேசிவிட்டுத் திரும்ப மாடிக்குப் போய்விடுவாளாம். வேறு இடத்தில் அந்த மாதிரி டைப் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாளா என்று கேட்டேன். சொந்தமா லேப்டாப் இருக்குதான்னு கேக்கறாங்க அங்கிள், எது இருக்குன்னு சொன்னா அப்பறம் கூப்புடறதில்ல என்றாள்.

ஆரோக்கியமேரி ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கிய மறுநாள் கடைக்கு வருவார். முதல் மாதம் ஆயிரத்து ஐநூறு. அடுத்த மாதம் ஆயிரம். அதற்குப் பிறகு மாதா மாதம் ஐநூறுதான். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. "நீங்க நல்லதுதான் குடுத்தீங்கண்ணே, எங்க நேரம்," என்பார். கார்த்திகையில் என்னால் தாங்க முடியாமல், அவர் பேரில் என் பணம் இரண்டாயிரத்தை நோட்டில் கட்டினேன். அடுத்த முறை வந்தபோது தன் சின்ன நோட்டையும் கடை நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது யாரு கட்டுனது? எங்க கணக்குல இல்லையே. அடிங்க இத," என்று அடிக்க வைத்துவிட்டுத்தான் போனார்.

தையில் நான் வேலையை விட்டேன். கால் வீக்கம் என்று சொன்னேன். கால் வீக்கமும் இருந்தது. உண்மையில், யாராவது "உங்க பொண்ணா இருந்தா" என்று ஆரம்பித்தால் எனக்கு வாய் வராமல் போய்விட்டது. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். வாடிக்கையாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

உங்களுக்கு என்ன சொல்வது? காசு கொடுக்கிறவரைக் கேட்காதீர்கள், அந்த மிஷினில் விரல் வைக்கப்போகிறவரைக் கேளுங்கள். ஒருவர் வாயைத் திறந்து மூடினால், மறுபடியும் திறக்க வையுங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். மந்திரிக்க வேண்டுமென்றால் பிரித்ததை மந்திரிக்கட்டும், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். கேட்க வேண்டியதை அன்றைக்கே கேளுங்கள். இதெல்லாம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தவனுக்குத்தான் இது நடந்தது. அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் தப்பித்துவிடுவீர்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் ஆரோக்கியமேரி பணம் கட்ட வருகிற நாளாகப் பார்த்துக் கடைக்குப் போனேன். நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள், வாசலில் ஃபேன் ஸ்டாண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பெண்ணாக இருந்தால் அந்தப் பழையதைத்தான் கொடுத்திருப்பேன் என்று சொன்னேன். ஏழு நாளை விரல் விட்டு எண்ணியதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன், அழுவார் என்றும் நினைத்தேன்.

"அன்னிக்கு மழ பேஞ்சுது," என்றார். "பொட்டி நனையக் கூடாதுன்னு நீங்கதான பாலிதீனு சுத்திக் குடுத்தீங்க. வூடு போற வரைக்கும் அதையேதான் பேசினு போனோம், எவ்ளோ நல்ல மனுஷன்னு."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே பில் மேசைக்குப் போனார். ஐநூறு ரூபாய்த் தாளை நீவி வைத்தார். "எழுதிக்குங்க," என்றார். முதலாளி எழுதினார். அவர் தன் சின்ன நோட்டிலும் எழுதி, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார்.

நிற்கிற பாக்கி, பதின்மூன்றாயிரம் ரூபாய்.